கலைந்ததா, கலைத்ததா: கருச்சிதைவு ரத்தப்போக்குக் கோப்பை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

நான் கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. கோயம்புத்தூரில் ஆறு மாதம் மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் எண்ணாக மாற்றும் வேலை) படித்துவிட்டு, பாலக்காடு மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் நான் கோடு போட்ட ஒரு கோப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை கோப்போடு, கோப்புக்குரிய பெண்ணின் கணவரும் வந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த கடிதத்தை என் மேசையில் விரித்து, சத்தம் போடாமல்தான் கேட்டார்: "ஏனுங்க மேடம், நாங்களா கலைச்சோம்னு எழுதியிருக்கீங்களா?"

கடிதத்தில் இருந்த கேள்வி ஒரு வரிதான். இது விருப்பத்தின்பேரில் செய்த கருக்கலைப்பா, விளக்கவும். நாங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு வரிதான்: "அபார்ஷன், ப்ளீடிங் பிளஸ், டி அண்ட் சி டன்." டி அண்ட் சி என்பது கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் போட்ட கோடு ஓ06 வகை.

தமிழில் கலைந்தது, கலைத்தது என்று ஓரெழுத்தில் விஷயம் பிரிந்துவிடும். இங்கே மலையாளத்திலும் அலசிப்போயி, அலசிப்பிச்சு என்று இரண்டு சொல் உண்டு. அபார்ஷன் என்ற ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. அந்த வித்தியாசத்தைக் காகிதத்தில் திரும்பக் கொண்டுவருவதுதான் நம் வேலையில் பாதி. மீதிப் பாதி, எவ்வளவு ரத்தம் போனது என்பதற்கான சாட்சி. மருத்துவமனை ரெக்கார்ட்ஸ், இன்ஷூரன்ஸ் டெஸ்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்.

1. உங்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகம்?

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. நான் கேட்கவில்லை. பயிற்சி மையங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கிளையண்ட் வேலைக்காகச் சொல்லித் தருபவை. அதனால் நமக்கு வருவது ஐசிடி-10-சிஎம், அதாவது நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐசிடி புத்தகத்தின் அமெரிக்கத் திருத்தப் பதிப்பு. இங்கே உள்ளூர் மருத்துவமனை பயன்படுத்துவதோ உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கர்ப்பம் பற்றிய அத்தியாயத்தில் இரண்டு இடத்தில் காலை வாரிவிடும்.

ஒன்று, நீளம். சிஎம்மில் ஓ03.31 என்று எண் நீளும், அது கருச்சிதைவோடு வந்த ஷாக் (ரத்த ஓட்டம் சரிந்த நிலை). நம் பதிப்பு ஓ03.3-லேயே நின்றுவிடும். படித்த ஞாபகத்தில் ஐந்தாவது இலக்கத்தைச் சேர்த்தால் மென்பொருள் ஏற்காது. ஏற்றுக்கொண்டுவிட்டால் அதைவிட மோசம். இரண்டு, ஓ08 என்ற வகை. இதை நாலாவது தலைப்பில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் மாதம் ஒரு முறையாவது நடக்கும். முதலில் வருவது ஓ என்ற ஆங்கில எழுத்து, அடுத்தது பூஜ்யம். அவசரத்தில் இரண்டுமே பூஜ்யமாக விழுந்தால் 003.1 ஆகிவிடும். பழைய ஐசிடி-9-இல் அந்த எண் சால்மொனெல்லா கிருமி ரத்தத்தில் பரவிய நோய்க்கு உரியது. எங்கள் அறையில் சேச்சி ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முதல் முறை செய்தது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

2. வாசலில் கேட்டு எழுதும் வரலாறு

ரெக்கார்ட்ஸ் ஆளுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சின்ன மருத்துவமனைகளில் அட்மிஷன் படிவத்தை நிரப்புவதும் நாம்தான், அல்லது நமக்குப் பக்கத்து நாற்காலி.

எதற்கும் முன் ஒன்று. மணிக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணி நேரமாக முழுசாக நனைகிறது, தலை சுற்றுகிறது, கை கால் ஜில்லென்று ஆகிறது என்று யாராவது கவுண்டரில் வந்து சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு கேஷுவாலிட்டிக்கு அனுப்புங்கள். ஆதார் கார்டு பிறகு வரட்டும்.

நிதானமாகக் கேட்கும் நிலை இருந்தால் நான்கு தேதிகள் வேண்டும்: கடைசியாகத் தீட்டான நாள், ரத்தம் பட ஆரம்பித்த நாள், கரு வெளியேறிய நாள், வேறு எங்காவது காட்டியிருந்தால் அந்த நாள். எல்லைப்புறத்தில் தேதி ஆங்கிலத்தில் வராது. "ஐப்பசி பாதியில" என்பார்கள், "துலாம் பதினஞ்சு" என்பார்கள், "தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்பார்கள். ஐப்பசியும் துலாமும் சேர்ந்தேதான் ஓடும், ஒரு நாள் முன்பின் வரலாம். காலண்டரை மேசையிலேயே வைத்துக்கொண்டு, அவர்கள் முன்னாலேயே ஆங்கிலத் தேதிக்கு மாற்றி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். எத்தனை வாரக் கரு என்ற கணக்கு இந்த ஒரு தேதியில்தான் நிற்கிறது. பிறகு ஸ்கேன் சொல்லும் வாரத்தோடு இது ஒத்துவரவில்லை என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

சொற்களையும் அவர்கள் சொன்னபடியே மனதில் வாங்குங்கள். "தானா கலைஞ்சிருச்சு", "கட்டி கட்டியா போச்சு", "அங்க மாத்திரை வெச்சாங்க", "வயித்தைக் கழுவி விட்டாங்க" என்பவை நாலு வெவ்வேறு சம்பவங்கள். மாத்திரை வைத்தார்கள் என்றால் எதற்கு என்று டாக்டர் கேட்டுத் தெளிவுபடுத்தட்டும். தானாகக் கலைந்து முழுக்க வெளியே வராததற்கும் மிசோப்ரோஸ்டால்தான், சட்டப்படி கருவைக் கலைப்பதற்கும் அதே மாத்திரைதான். மாத்திரையின் பெயரை வைத்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நிற்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கவும் வேண்டாம். சிஸ்டரிடம் சொல்லி அந்தப் பெண்ணைத் தனியாக உள்ளே கூப்பிடச் சொல்லுங்கள்.

வயது 18-க்குக் கீழ் என்றால் படிவத்தை அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு நடக்க வேண்டியதைச் சட்டம் சொல்கிறது. அது நம் மேசை வேலை கிடையாது.

3. டாக்டரின் குறிப்பில் இருந்தே ஆக வேண்டிய ஆறு

என் கோப்பு மூன்று முறை திரும்பியது முழுக்க இதனால்தான். கோடு என்பது டாக்டர் எழுதியதை எண்ணாக மாற்றுவது, அவ்வளவே. எழுதாததை நாம் கண்டுபிடித்துப் போட முடியாது, போடவும் கூடாது.

முதலாவது, தானாகக் கலைந்தது என்ற சொல். "ஸ்பாண்டேனியஸ் அபார்ஷன்" என்றோ "மிஸ்கேரேஜ்" என்றோ இருக்க வேண்டும். வெறும் "அபார்ஷன்" என்று மட்டும் இருந்தால் ஐசிடி-10 அட்டவணை உங்களை ஓ06-க்குத்தான் கொண்டுபோய் நிறுத்தும். குறிப்பிடப்படாத கருச்சிதைவு என்று அதற்குப் பெயர். எந்த வகை என்று சொல்லாத செயற்கைக் கருக்கலைப்பும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. நான் போய் விழுந்த குழி இது. அட்டவணையை நான் சரியாகத்தான் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, முழுதாக வெளியேறியதா, மிச்சம் இருந்ததா. "கம்ப்ளீட்", "இன்கம்ப்ளீட்" என்ற சொல்லும், அதற்கு ஆதாரமான ஸ்கேன் அறிக்கையும்.

மூன்றாவது, ரத்தப்போக்கு எவ்வளவு. கரு கலையும்போது ரத்தம் போகத்தான் செய்யும். "ப்ளீடிங் பிளஸ்" என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. அளவுக்கு மீறியது என்றோ, சில நாள் கழித்துத் தாமதமாக வந்தது என்றோ டாக்டர் எழுதினால்தான் அது சிக்கல் என்ற கணக்கில் வரும். அப்படி எழுத அவருக்குக் கைகொடுப்பது நர்ஸின் குறிப்பு: எத்தனை மணிக்கு எத்தனை பேட், கட்டிகள் இருந்தனவா, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஒவ்வொன்றுக்கும் நேரம். அந்தக் கோப்பில் இரவு 2.10-க்கு "மூன்று பேட் முழுக்க நனைந்தது, நாடி 124, பிபி 90/60" என்று ஒரு சிஸ்டர் எழுதி வைத்திருந்தார். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது நீல பேனாவில் எழுதிய அந்த ஒரு வரி. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்காவது, ஹீமோகுளோபின், ஒரு தடவைக்கு மேல். திடீரென்று ரத்தம் போகும்போது உடனே எடுத்த எச்பி பெரிதாக இறங்கியிருக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் உண்மை நிலவரம் தெரியும். வந்தவுடன் 10.8, மறுநாள் காலை 7.1. எங்கள் கோப்பில் முதல் அறிக்கை மட்டும் போனதால், 10.8 இருக்கும்போது ரத்தம் ஏற்றியது ஏன் என்று இரண்டாவது கேள்வி வந்தது. இன்னொன்று, எச்பி 7 என்று பார்த்துவிட்டு ரத்தசோகைக் கோடு போட நமக்கு உரிமை கிடையாது. ரத்த இழப்பால் திடீரென்று வந்த (அக்யூட்) ரத்தசோகை என்று டாக்டர் எழுதியிருந்தால் டி62-ஐக் கூடுதல் கோடாகச் சேர்க்கலாம்.

ஐந்தாவது, ரத்தம் ஏற்றியிருந்தால் எத்தனை பை, ஒவ்வொரு பையின் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்த கிராஸ்மேட்ச் தாள். ரத்தத்துக்கு விலை கிடையாது, பில்லில் வருவது பரிசோதித்துப் பக்குவப்படுத்திய கட்டணம் மட்டும்தான். பில் போடுகிறவர் "ப்ளட் காஸ்ட்" என்று அடித்திருந்தால் அனுப்புவதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

ஆறாவது, ரத்த வகை. நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகைச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, வழக்கமாக 72 மணி நேரத்துக்குள். மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லாமல் வெளியே பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி வரச் சொல்வார்கள். விலை சில ஆயிரத்தைத் தொடும். அந்த பில் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பர்ஸிலேயே தங்கிவிடும். டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்குங்கள், ரத்த வகை அறிக்கையோடு சேர்த்து இணையுங்கள்.

செய்த சிகிச்சையின் பெயரும் சரியாக இருக்கட்டும். இன்று பல இடங்களில் செய்வது உறிஞ்சி எடுக்கும் முறை, எழுதுவது மட்டும் பழக்கத்தில் டி அண்ட் சி. ஆபரேஷன் குறிப்பில் ஒன்றும் சம்மரியில் வேறொன்றும் இருந்தால் கேள்வி வரும்.

4. கோடு போடும் வரிசை

இந்த வரிசையில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரு இன்னும் நிற்கிறதா? ரத்தம் பட்டது, ஆனால் இதயத்துடிப்பு இருக்கிறது, கரு தங்கியது என்றால் ஓ20.0. இதே அட்மிஷனில் அது கலைந்துவிட்டால் அந்தக் கோடு போய்விட வேண்டும். அட்மிஷன் நேரத்தில் அடித்த ஓ20.0 டிஸ்சார்ஜ் வரைக்கும் ஒட்டிக்கொண்டு வருவது நம் மென்பொருளின் பழக்கம்.

கலைந்தது தானாகவா? ஆம் என்றால் ஓ03. சட்டப்படி மருத்துவர் செய்த கருக்கலைப்பு ஓ04. கருக்குழாயில் தங்கியது ஓ00, முத்துப்பிள்ளை (கரு சரியாக உருவாகாமல் முத்து முத்தாக வளரும் திசு) ஓ01, உள்ளேயே இறந்து வெளியே வராமல் நின்றது ஓ02.1.

ஓ03 என்று முடிவானால் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில் இரண்டு செய்தி இருக்கிறது. 0 முதல் 4 வரை மிச்சம் இருந்தவை, 5 முதல் 9 வரை முழுதாக வெளியேறியவை அல்லது எது என்று எழுதாதவை. மிச்சம் இருந்து அளவுமீறிய ரத்தப்போக்கு ஓ03.1. முழுதாகப் போய் அளவுமீறிய ரத்தப்போக்கு ஓ03.6. மிச்சம் இருந்தது, சிக்கல் எதுவும் இல்லை என்றால் ஓ03.4. முழுதாகப் போனது, சிக்கல் இல்லை என்றால் ஓ03.9. கிருமித்தொற்று என்றால் முறையே 0, 5. ரத்தம் உறையாமல் போகும் நிலையும் ரத்தப்போக்கு எண்ணுக்குள்ளேயே அடக்கம், அதற்கு வேறிடம் தேட வேண்டாம்.

இனி ஓ08. எல்லைப்புற மருத்துவமனைக்கு இது அன்றாடம். கரு கலைந்தது ஓரிடத்தில், சிகிச்சையும் அங்கேயே முடிந்தது, ஐந்து நாள் கழித்து ரத்தப்போக்கோடு நம்மிடம் வருகிறார். இப்போது நாம் பார்ப்பது சிக்கலை மட்டும் என்றால் ஓ08.1. நம்மிடம் வந்தபோதும் உள்ளே மிச்சம் இருந்து, அதை நாம்தான் எடுத்தோம் என்றால் கருச்சிதைவு இன்னும் முடியவில்லை என்று பொருள், அது ஓ03.1. முதல் மருத்துவமனை "கம்ப்ளீட்" என்று எழுதி அனுப்பியிருந்தாலும், நம் ஸ்கேனையும் நம் டாக்டரின் முடிவையும்தான் பார்க்க வேண்டும். என் கோப்பு இந்த ரகம். வேறிடத்தில் மாத்திரை வைத்து, முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பி, நான்காம் நாள் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் வந்தவர்.

அமெரிக்கப் பதிப்பில் ஓ08 இப்படி வேலை செய்யாது. அங்கே அது ஓ00 முதல் ஓ02 வரையிலானவற்றோடு மட்டும் சேரும், தானாகக் கலைந்ததன் சிக்கலை எந்த நாள் வந்தாலும் ஓ03-க்குள்ளேயே வைக்க வேண்டும். வீட்டிலிருந்து அமெரிக்கக் கோப்பும் பார்க்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இன்னும் இரண்டு: கரு எத்தனை வாரம் என்று சொல்லும் இசட்3ஏ கோடு ஓ00 முதல் ஓ08 வரையிலானவற்றோடு சேராது. சிகிச்சைகளுக்கு எண் கொடுக்கும் அமெரிக்கப் பட்டியலான சிபிடியில், மிச்சம் இருந்ததை அறுவை முறையில் எடுத்தால் 59812, உள்ளேயே இறந்து நின்றதை முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் 59820. 58120 என்பது கர்ப்பத்தோடு சம்பந்தமில்லாத டி அண்ட் சி, அதை இங்கே தொடாதீர்கள்.

ஓ72 பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. தேடினால் முதலில் அதுதான் கண்ணில் படும், அதனால் கை தவறிப் போட்டுவிடுவோம்.

5. டாக்டரிடம் கேட்பது

எழுத்தில் கேளுங்கள், ஒரு தாளில் அதிகபட்சம் மூன்று கேள்வி. விடையை நீங்களே எழுதி "சார், இதுல ஒரு கையெழுத்து" என்று நீட்டாதீர்கள். "முழுதாக வெளியேறியதா, மிச்சம் இருந்ததா, வேறு ஏதாவதா?" என்று எல்லாக் கதவையும் திறந்து வைத்துக் கேளுங்கள். ஓபி முடிந்து டீ வரும் நேரம்தான் நல்ல நேரம். எங்கள் டாக்டர் முதல் நாள் முறைத்தார், ஒரு மாதத்தில் அவராகவே "இன்கம்ப்ளீட்னு போட்டாச்சு, போதுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். திருத்தம் செய்தால் பழைய வரியை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. வெள்ளை மை பூசிய கோப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

6. இன்ஷூரன்ஸ்: பணம், காகிதம், நேரம்

முதலில் பாலிசியில் இது வருமா என்று பாருங்கள். தனிநபர் பாலிசிகளில் மகப்பேறு விலக்கு என்று ஒரு பகுதி இருக்கும், அதன் குறியீடு எக்ஸ்க்ளூஷன் 18. விபத்தால் வந்ததைத் தவிர மற்றக் கருச்சிதைவுச் செலவுகளும், சட்டப்படி செய்த கருக்கலைப்புச் செலவும் வராது என்று அதில் எழுதியிருக்கும். கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு மட்டும் விலக்கிலிருந்து விடுதலை. ஆக, மகப்பேறு சேர்க்காத பாலிசியில் நீங்கள் எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் பணம் வராது. அதை முதல் மணி நேரத்திலேயே குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். நம்பவைத்து மூன்றாம் நாள் கையை விரிப்பது பாவம். கம்பெனிகள் தொழிலாளர்களுக்கு எடுக்கும் குழுப் பாலிசியில் பெரும்பாலும் மகப்பேறு சேர்ந்திருக்கும், ஒரு உச்சவரம்போடு. என் கோப்பு அப்படித்தான். அங்கே சிக்கல் பாலிசியில் இல்லை, எங்கள் காகிதத்தில்தான் இருந்தது.

கேஷ்லெஸ் (நோயாளி கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) என்றால், 2024 மே மாதம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். கடிகாரம் நம் காகிதம் முழுசாகப் போன பிறகுதான் ஓடும். பாதிக் காகிதம் அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம் ஆச்சே என்று சண்டை போட முடியாது.

கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவது என்றால் வேண்டியவை: நோயாளி நிரப்பும் ஏ பகுதி, மருத்துவமனை நிரப்பும் பி பகுதி, டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்து எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, எல்லா லேப் மற்றும் ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச் சீட்டும் அதற்கான பில்லும், அடையாள அட்டை, ரத்து செய்த காசோலை. பி பகுதியில் ஐசிடி-10 கோடுகளுக்குக் கட்டம் இருக்கிறது. கர்ப்ப எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள். ஏற்கனவே ஒரு பிள்ளை பெற்று, இப்போது கலைந்தவருக்கு அங்கே ஒன்றும் கோப்பில் வேறொன்றும் இருப்பது வழக்கமான தவறு. எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், தாளில் அச்சடித்திருக்கும் நாளைப் பாருங்கள், ஏஜெண்ட் வாயால் சொன்ன நாளை நம்பாதீர்கள்.

பிடித்தம் எங்கே விழும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்றக் கட்டணங்களிலும் விகிதப்படி வெட்டுவார்கள். டயப்பர், மருத்துவமனை நோயாளிக்குக் கொடுப்பதைத் தவிர்த்த சாப்பாடு போன்றவை பணம் தராத பொருள்களின் பட்டியலில் இருப்பவை. சானிட்டரி பேடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேட் எண்ணிக்கையை வைத்துத்தான் எல்லாப் பணமும் வருகிறது, பேடுக்கு மட்டும் காசு வராது. இதை எந்தப் புண்ணியவான் எழுதினாரோ.

அரசுத் திட்டக் கார்டு என்றால், கேரளத்தின் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியானாலும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடானாலும், பணம் பேக்கேஜ் கணக்கில் வரும், நடைமுறையே வேறு. கார்டு எந்த மாநிலத்தது, நம் மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறதா என்று திட்டக் கவுண்டரில் அட்மிஷன் அன்றே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

7. திசுப் பரிசோதனை வரும் வரை மூடாதீர்கள்

எடுத்த திசுவை பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அறிக்கை வர ஒரு வாரம் வரை ஆகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், நீங்களும் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்திருப்பீர்கள். அறிக்கையில் முத்துப்பிள்ளை என்று வந்தால் ஓ03 தவறு, ஓ01 ஆகிவிடும். அளவுமீறிய ரத்தப்போக்குக்கு ஓ08.1 சேரும். கோடு மாறுவது சின்ன விஷயம். அந்தப் பெண் மாதக்கணக்கில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் பெரிது. அறிக்கை பாக்கியுள்ள கோப்புகளுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள், அறிக்கை வந்த அன்றே டாக்டர் மேசைக்குப் போகட்டும்.

8. விடுப்புச் சான்றிதழ்: தேதியில் கவனம்

கஞ்சிக்கோடு கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் இங்கே அதிகம். கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருக்கிற உரிமை. அதனால் உடம்பு மேலும் கெட்டுப்போனால் சான்றின்பேரில் இன்னும் ஒரு மாதம் வரை கேட்கலாம். இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கும் ஆறு வாரம் உண்டு. நிறையப் பேருக்கு இது தெரியாது. "ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேனுங்க" என்று படுக்கையில் இருந்துகொண்டே பயப்படுவார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

ஆறு வாரம் எண்ணத் தொடங்குவது கரு கலைந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து. சான்றிதழில் அட்மிஷன் தேதி மட்டும் இருந்தால் கம்பெனியில் குழப்பம் வரும். கலைந்தது 3-ஆம் தேதி வேறிடத்தில், நம்மிடம் அட்மிஷன் 7-ஆம் தேதி என்றால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். முதல் மருத்துவமனையின் சீட்டும் வேண்டும். ரத்தசோகையால் கூடுதல் விடுப்பு தேவை என்றால் அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

9. எல்லை தாண்டும் காகிதங்கள்

பெயர். தமிழ்நாட்டுப் பக்கம் கே. செல்வி, கேரளப் பக்கப் படிவத்தில் வீட்டுப்பேர் என்று ஒரு கட்டம். அதில் எதையாவது எழுதிவைத்தால் ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது. ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் முன்னால் என்றால் முன்னால்.

ஒப்புதல் படிவம். எல்லைப்புறத்தில் மலையாளம் சரளமாகப் பேசுகிற பலருக்கு மலையாளம் படிக்க வராது. படிக்கத் தெரியாத தாளில் நள்ளிரவில் கைநாட்டு வாங்குவது நாளைக்கு எல்லாருக்கும் வம்பு. தமிழில் ஒரு படிவம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அடித்தது ஒரு பக்கம், ஒரு மாலை நேர வேலை. தானாகக் கலைந்த கருவுக்கு, கருக்கலைப்புச் சட்டத்தின் சி படிவத்தை எடுத்து நீட்டாதீர்கள். எங்கள் வார்டில் பழைய கட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் ஒரு முறை அதில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதுவும் கோப்போடு போயிருந்தால் கலைத்தார்கள் என்பதற்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

நகல். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. முதல் மருத்துவமனையிடம் சீட்டு வாங்க அலையும் குடும்பத்துக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளட்டும்.

யாரிடம் கொடுப்பது. அந்தப் பெண்ணிடம், அல்லது அவர் கையெழுத்திட்டு அனுப்பியவரிடம். ஊரிலிருந்து வந்த பெரியப்பா கேட்டார், கம்பெனி எச்ஆர் போனில் கேட்டார் என்று எடுத்து நீட்டக் கூடாது. கருக்கலைப்புக் கோப்பு என்றால் பெயரை வெளியிடுவது சட்டப்படியே குற்றம், தண்டனை ஓராண்டு வரை. தானாகக் கலைந்த கோப்புக்கும் அதே பூட்டைத்தான் நான் போடுகிறேன்.

என் கோப்பு நாலாவது முறை போனபோது டாக்டரின் விளக்கக் கடிதம், இரண்டு எச்பி அறிக்கை, ஸ்கேன், இரவு 2.10 மணி நர்ஸ் குறிப்பின் நகல், ஓ03.1, டி62 என்று போனது. பதினோராவது நாள் பணம் வந்தது. அந்தக் கணவர் கவுண்டரில் தகவல் சொல்லிவிட்டுப் போகும்போது, திருத்திய சம்மரியில் ஒரு நகல் கேட்டார். "எதுக்குங்க, பணந்தான் வந்துருச்சே?" என்றேன். "அம்மிணி வீட்டுல ஒருக்கா படிக்கோணுங்கறாங்க" என்றார்.

அந்தப் பெண் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கொடுத்தேன்.